18 பேர், ஒரு பழைய மாளிகை: தலைக்கு 267 பவுண்டு மலிவா?

மார்ச் 3. வாசகர் ஒருவர் கேட்டது:

"ஆகஸ்டில் மூன்று குடும்பம் சேர்ந்து நான்கு இரவு எங்காவது போகலாம் என்று இருக்கிறோம். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் 1700-களில் கட்டிய கண்ட்ரி ஹவுஸ் ஒன்று. 18 பேர் தங்கலாம் என்று போட்டிருக்கிறது. 4,800 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 267தான். ஹோட்டலைவிட மலிவு. முன்பணம் கட்டிவிடலாமா?"

மார்ச் 3, இரவு 10.40

கட்டாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள்.

போன வருஷம் மாமனாருக்கு எழுபது முடிந்ததைச் சாக்காக வைத்து ஹெரஃபோர்ட்ஷயர் பக்கம் இதே மாதிரி ஒரு வீடு எடுத்தோம். 19 பேர், நாலு ராத்திரி. விளம்பரத்தில் "20 பேர்". போய் இறங்கிப் பார்த்தால் ஆறு அறையில் இரட்டைக் கட்டில். ஏழாவது அறை கூரைக்கு அடியில், அதில் ஆறு ஒற்றைக் கட்டில். நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். மிச்ச இரண்டு பேர் நூலக சோபாவில். நூலகம்தான் எல்லாரும் உட்கார்ந்து அரட்டை அடிக்கும் இடம். கடைசி ஆள் கொட்டாவி விட்டு எழுந்து போகிற வரைக்கும் சோபாக்காரர்கள் தூங்க முடியாது. எங்கள் மச்சான் நாலு ராத்திரியும் ஒன்றரை மணிக்குத்தான் படுத்தான்.

பாத்ரூம் மூன்று. சாப்பாட்டு மேஜையில் 14 நாற்காலி.

அதனால் எத்தனை பேர் படுக்கலாம் என்பதை விடுங்கள். எத்தனை பேர் குளிக்கலாம், எத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கேளுங்கள். வெந்நீரைச் சேர்த்து வைக்கும் சிலிண்டர் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் 300 லிட்டர். ஒரு ஷவருக்கு 40 லிட்டர் வைத்தால் ஏழரை பேர். எட்டாவது ஆளிலிருந்து பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான் கணக்கு.

மார்ச் 3, இரவு 11.15

இன்னொன்று. 18 தலையில் சின்னப் பிள்ளைகள் எத்தனை? ஐந்து என்றால் பணம் போடுகிறவர்கள் 13 பேர். 4,800-ஐ 13-ஆல் வகுத்தால் 369. பிள்ளைகளுக்கும் தலைக்கணக்கு உண்டு என்று முடிவானால் மூன்று பிள்ளை வைத்திருப்பவர் முகம் வாடும். இல்லை என்று முடிவானால் பிள்ளை இல்லாதவர் முகம் வாடும். வாட்ஸ்அப் குழுவில் முதல் பிளவு இங்கேதான் விழும்.

மார்ச் 5

கூரைக்கு அடியில் ஆறு கட்டில் என்றேனே, அதைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்கு 2005-ஆம் ஆண்டு தீப்பாதுகாப்பு உத்தரவு பொருந்தும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும். தீ அபாய மதிப்பீடு செய்திருக்கிறீர்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பழைய வீடுகளில் மேல்மாடிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஒடுக்கமான படிக்கட்டு. அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்கும் முன் அந்தப் படியில் நீங்களே ஒருமுறை இரவில் இறங்கிப் பாருங்கள். நான் இறங்கினேன், தலையை உத்தரத்தில் இடித்துக்கொண்டேன்.

மார்ச் 6

வெந்நீர் கணக்கில் தப்பு பண்ணிவிட்டேன். பிளம்பர் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதி மானத்தை வாங்கிவிட்டார். சரிதான்.

சிலிண்டரில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கும். அதை அப்படியே யாரும் தலையில் ஊற்றிக்கொள்வதில்லை. 10 டிகிரி குழாய்த் தண்ணீரைக் கலந்து 40 ஆக்கித்தான் குளிக்கிறோம். 40 லிட்டர் ஷவரில் சிலிண்டரிலிருந்து வருவது 24 லிட்டர்தான். ஆக 300 லிட்டரில் தாராளமாக 12 பேர் குளிக்கலாம்.

ஆனால் எங்கள் வீட்டில் இரண்டாம் நாள் காலை ஒன்பதாவது ஆள் (மாமியார்) பச்சைத் தண்ணீரில் நின்று அலறியது சத்தியம். 12-க்குப் போக வேண்டியது எட்டோடு எப்படி நின்றது?

மார்ச் 6, அரை மணி நேரம் கழித்து

கண்டுபிடித்துவிட்டேன். சகலை.

பெரிய பாத்ரூமில் சிங்கக்கால் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. ஆள் நீளத்துக்கு. அதை நிரப்பி, உள்ளே படுத்து, ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டிருந்தார். போட்டோவில் நேரம் காலை 6.50. அந்தத் தொட்டிக்கு 150 லிட்டராவது பிடிக்கும். அதில் 90 சிலிண்டரிலிருந்து. 300-இல் 90 போனால் 210. 210-ஐ 24-ஆல் வகுத்தால் எட்டே முக்கால். எட்டு பேர் சுகமாகக் குளித்தார்கள், ஒன்பதாவது மாமியார்.

ஒரு வருஷம் கழித்துத் துப்பு துலங்கியிருக்கிறது. குடும்பத்தில் இன்னும் சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

தீர்ந்த பிறகு திரும்பச் சூடாக எவ்வளவு நேரம் என்றும் கேட்டிருந்தீர்கள். சிலிண்டருக்குள் இருக்கும் 3 கிலோவாட் மின்சூடேற்றியை மட்டும் நம்பினால் 300 லிட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். எண்ணெய் பாய்லர் சீக்கிரம் சூடாக்கும், ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு டைமர் வைத்திருந்தார்கள். அதைத் தொடக் கூடாது என்று ஒரு அட்டையும் ஒட்டியிருந்தார்கள்.

மார்ச் 9

இந்த வீடுகளில் இவ்வளவு இடைஞ்சல் இருந்தும் ஏன் புதுப்பிக்க மாட்டேன் என்கிறார்கள், வாடகையில் கொழிக்கிறார்களே என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கொழிக்கிறார்களா என்பது வேறு பேச்சு. அவர்கள் நினைத்தாலும் நினைத்தபடி மாற்ற முடியாது. பல வீடுகள் லிஸ்டட் கட்டடங்களாக, அதாவது பாதுகாக்க வேண்டியவை என்று அரசுப் பட்டியலில் சேர்த்தவையாக இருக்கும். இங்கிலாந்தில் கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு நட்சத்திரம், கிரேடு இரண்டு என்று மூன்று படி. ஒன்று என்பது மொத்தத்தில் 2.5 சதவீதம்தான், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சாதாரண கிரேடு இரண்டு. எந்தப் படியானாலும் கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளூராட்சியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் குற்றவியல் வழக்கு. ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி இருப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் இல்லை. ஆகஸ்டிலும் ராத்திரிக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

வௌவால் கதையும் இதே மாதிரிதான். எங்கள் கூரைக்கு மேலே குடியிருந்தன. பிரிட்டனில் எல்லா வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, விரட்டக்கூடாது, கூட்டைக் கலைக்கக்கூடாது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் சாயங்காலம் ஆனால் போர்வையோடு வெளியே போய்ப் புல்லில் படுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பயந்தது நான்தான்.

அப்புறம் எங்கள் அறையின் வெளிச்சுவரில் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல் ஒன்று. 1696-லிருந்து 1851 வரை இங்கே ஜன்னலுக்கு வரி இருந்தது, அதற்குப் பயந்து அடைத்தது.

மார்ச் 10

ஜன்னல் வரிக்குத்தான் அடைத்தார்கள் என்று அடித்துச் சொல்லியிருக்கக்கூடாது. வரி நிஜம். ஆனால் முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்தே பொய் ஜன்னல் வைத்துக் கட்டுவதும் அந்தக் காலத்தில் சகஜம். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த இடத்துக்குப் பின்னால் புகைபோக்கிச் சுவர் இருக்கும், அங்கே என்றைக்குமே ஜன்னல் இருந்திருக்க முடியாது. எங்கள் அறையில் அதற்கு நேர் பின்னால் கணப்பு இருந்தது. மாமனாரிடம் வரிக் கதையைச் சுவையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அதை இதுவரை எத்தனை பேரிடம் சொன்னாரோ.

மார்ச் 12

சமையல். நீங்கள் பார்த்த வீட்டில் ஆகா அடுப்பா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சையிலோ கிரீம் நிறத்திலோ பீரோ மாதிரி நிற்கும், மேலே இரண்டு வட்ட மூடி. ஆகாவென்றால் எழுந்தவுடன் குமிழைத் திருகித் தீயைக் கூட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பழைய வகைகளில் குமிழே கிடையாது. அடுப்பு எப்போதும் சூடாகவே இருக்கும். ஒரு தட்டு கொதிக்க வைக்க, ஒரு தட்டு மெல்லக் கொதிக்க. மூடியைத் திறந்து வைத்தால் சூடு இறங்கிக்கொண்டே போகும். 19 பேருக்கு நாம் சமைக்கிற மாதிரி மணிக்கணக்கில் மூடியைத் திறந்து போட்டால் மதியத்துக்குள் அடுப்பு சோர்ந்துவிடும்.

முதல் நாள் அப்படித்தான் ஆனது. இரண்டாம் நாள்தான் வித்தை பிடிபட்டது. தட்டில் வைத்து ஒரு கொதி வந்ததும் பாத்திரத்தை மூடி கீழ் அறைக்குள் தள்ளிவிட வேண்டும். சாதம், பருப்பு எல்லாம் அங்கே தானே வெந்துகொள்ளும்.

தோசை! மெல்லக் கொதிக்கும் தட்டில் கல் வைக்கவே வேண்டாம். தட்டையே துடைத்து, எண்ணெய் தடவி, அதன் மேல் நேரே ஊற்றலாம். வெள்ளைக்காரர்கள் பான்கேக் அப்படித்தான் சுடுகிறார்கள். மாமியார் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தார், ஓரம் தானாகக் கிளம்பி வந்தது. அதற்கப்புறம் அந்த இடத்தை விட்டு அவரை நகர்த்த முடியவில்லை. காலையில் பச்சைத் தண்ணீர் பட்ட கோபம் அங்கேதான் தணிந்தது.

தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள். புகை அலாரம் மூன்று மாடிக்கும் சேர்ந்து அடித்தது. நிறுத்தும் பெட்டி எங்கே என்று தெரியாமல் 19 பேரும் சரளைக்கல் மேல் வெறுங்காலோடு நின்றோம்.

மார்ச் 13

விட்டுப்போனது: போஸ்ட்கோடை நம்பாதீர்கள். கிராமத்தில் ஒரே போஸ்ட்கோடு பல வீடுகளுக்கு இருக்கும். எங்களை ஒரு மாட்டுப் பண்ணை முற்றத்தில் கொண்டு நிறுத்தியது. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் இடது கையால் வழியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 16

மனைவி நேற்று ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் முதலிலிருந்து படித்தாள். படித்துவிட்டு ஒரே கேள்வி.

"ரெண்டு வாரமா சிலிண்டர் கணக்கு எழுதறீங்களே, அந்த நாலு நாளும் பாத்திரம் யார் தேய்ச்சாங்கன்னு எழுதினீங்களா?"

எழுதவில்லை. தேய்த்தது அவளும் அவள் தங்கையும். டிஷ்வாஷர் ஒன்று இருந்தது, நாலு பேர் குடும்பத்துக்கு உள்ள அளவில். 19 பேருக்கு அது முதல் பந்திக்கே நிறைந்துவிடும்.

நான் இதுவரை எழுதியதில் முக்கியமான விஷயமே விட்டுப்போனது இப்போதுதான் உறைக்கிறது. இந்த வீட்டைக் கட்டியவர்கள் இரண்டு வீடாகக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று எஜமானர்களுக்கு, ஒன்று வேலைக்காரர்களுக்கு. அகலமான படிக்கட்டு ஒன்று, சுவருக்குள் ஒளிந்த ஒடுக்கமான படிக்கட்டு ஒன்று. வாசனையும் தீயும் வந்துவிடக் கூடாது என்று சமையலறையை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு நான் எண்ணியது 52 காலடி, நடுவில் இரண்டு படி, இரண்டு பக்கமும் ஆடும் கதவு ஒன்று. குழம்பைத் தூக்கிக்கொண்டு அந்த 52 காலடியையும் யார் நடந்தது?

சமையலறைச் சுவரில் மேலே, வேலையாட்களைக் கூப்பிட, வரிசையாக மணிகள் தொங்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே அறையின் பெயர். பிள்ளைகள் மேலே போய்க் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டே இருந்தார்கள். கீழே இரண்டு அக்கா தங்கை பாத்திரத்தோடு நின்று அதை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். "எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது" என்கிறாள்.

வீட்டைத்தான் வாடகைக்குத் தருகிறார்கள், வேலைக்காரர்களை இல்லை. அந்த வேலை யார் தலையில் விழும் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். தலைக்கு 267 என்கிற கணக்கில் அது வரவே வராது.

மார்ச் 17

நேற்றையது கொஞ்சம் காரமாகப் போய்விட்டதாக இரண்டு பேர் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

இந்த மாளிகைகள் பல இடிந்துபோனதற்கும் இதே காரணம்தான் பாதி. வாரிசு வரி ஒரு பக்கம், போரில் ராணுவம் எடுத்துப் பாழாக்கியது ஒரு பக்கம், வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனது இன்னொரு பக்கம். 20-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் இடித்துத் தள்ளினார்கள். 1974-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடந்தது.

வேல்ஸில் ரெக்ஸம் பக்கம் எர்டிக் என்று ஒரு மாளிகை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் கையில். அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வேலையாட்களைத் தலைமுறை தலைமுறையாக ஓவியமாகவும் போட்டோவாகவும் எடுத்து, கூடவே பாட்டும் எழுதி மாட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஷ்ராப்ஷயர் வீட்டிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். நாங்கள் போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே உறைத்திருக்கும்.

மார்ச் 20

மாற்று யோசனை கேட்டவருக்கு. லேண்ட்மார்க் டிரஸ்ட் என்று ஓர் அறக்கட்டளை, 1965-ல் தொடங்கியது. இடிய இருந்த பழைய கட்டடங்களை எடுத்துச் செப்பனிட்டு விடுமுறைக்கு விடுகிறார்கள். கிட்டத்தட்ட 200 கட்டடங்கள். தலைக்கணக்கு இல்லை, கட்டடத்துக்குத்தான் வாடகை. பெரும்பாலும் சிறியவை, நாலு பேர், ஆறு பேர். பெரியவற்றில் ஒன்று சர்ரேயில் காடர்ட்ஸ், 12 பேர். புது தில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ் 1898-1900-ல் கட்டியது. வசதி குறைந்த பெண்கள் வந்து ஓய்வெடுக்க என்றே கட்டப்பட்ட வீடு அது! (இதை மனைவியிடம் சொன்னேன். "அங்கேயே போயிருக்கலாமே" என்றாள்.) உள்ளேயே ஸ்கிட்டில்ஸ் (பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) விளையாட ஒரு நீளக் கூடம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆக்கின்லெக் ஹவுஸ், 13 பேர். 1773-ல் அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனும், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல்லின் அப்பாவும் அங்கேதான் சண்டை போட்டுக்கொண்டார்கள். குடும்பச் சண்டைக்கு ராசியான இடம்.

டிவி கிடையாது. பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதை முன்பே சொல்லிவிடுங்கள், காரில் வைத்துச் சொல்லாதீர்கள்.

உங்கள் 18 பேருக்கு இதில் எதுவும் போதாது என்பது தெரியும். ஆனால் 18 பேரும் ஒரே கூரைக்கடியில் வர வேண்டுமா என்பதையும் ஒருதடவை யோசியுங்கள்.

மார்ச் 21

அறை பிரிப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். நாலு தூண் திரைக்கட்டில் மாமனார் மாமியாருக்கு என்று மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டு ஒதுக்கினோம். பாசம். கட்டில் என் இடுப்பு உயரம். ஏற ஒரு மரப்படி வைத்திருந்தார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. முதல் ராத்திரி ஏறினார், ராத்திரி இரண்டு தடவை இறங்கி ஏறினார், மறுநாள் கீழே மெத்தையை இழுத்துப் போட்டுப் படுத்துவிட்டார். விலை கூடின அறை வயசானவர்களுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். பாத்ரூமுக்குப் பக்கத்து அறையைக் கொடுங்கள்.

மார்ச் 21, பின்குறிப்பு

தோட்டத்தில் புல்வெளி முடிகிற இடத்தில் வேலி இல்லையே என்று படத்தைப் பார்த்து மகிழாதீர்கள். அங்கே பள்ளம் வெட்டி உள்பக்கம் சுவர் எழுப்பியிருப்பார்கள், ஆடு மாடு ஏறி வராமல், வீட்டிலிருந்து பார்க்கும்போது வேலியும் தெரியாமல். அதற்குப் பெயரே ஹா-ஹா. மச்சான் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி விளிம்பில் சறுக்கி நின்றபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 26

டெபாசிட் பிடித்த கதையையும் எழுதிவிடுகிறேன், பாதி எங்கள் தப்பு. 500 பவுண்டில் 150 பிடித்துக்கொண்டார்கள். ஓக் தரையில் சூட்கேஸ் சக்கரம் இழுத்த கோடு. அந்தக் கோடு முன்பே இருந்தது என்று மூன்று மின்னஞ்சல் காரமாக எழுதினேன். நாலாவது எழுத உட்கார்ந்தபோது முதல் நாள் எடுத்த வீடியோ கிடைத்தது. சகலையின் பையன் கதவைத் திறந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், பின்னாலேயே வெள்ளையாக ஒரு கோடு வருகிறது. மின்னஞ்சல் அனுப்பவில்லை. நீங்கள் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே வீடியோ எடுங்கள், எங்களை மாதிரி நுழையும்போது இல்லை.

ஏப்ரல் 2

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரரிடம் சிலிண்டர் அளவு கேட்டாராம், "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றாராம். இரண்டு சிலிண்டர், தலா 250 லிட்டர். பாத்ரூம் ஐந்து. மேஜை 18 பேருக்கு. நல்ல வீடுதான் போலிருக்கிறது. சமையலுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், பாத்திரத்துக்கு அன்று சமைக்காத குடும்பத்து ஆண்கள் என்று எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டாராம். கட்டுங்கள்.

வருகைப் புத்தகம் என்று ஒன்று கூடத்து மேஜையில் இருக்கும். போன உடனே அதைப் படியுங்கள். நாங்கள் கிளம்பும்போதுதான் திறந்தோம். முந்தைய விருந்தாளிகள் எழுதியது பக்கம் பக்கமாக இருந்தது: எந்த ஜன்னல் சிக்கிக்கொள்ளும், எந்தப் படி முனகும், ஆகாவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது. மூன்றாவது பக்கத்திலேயே பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, சிங்கக்கால் தொட்டியைக் காலையில் நிரப்பாதீர்கள் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்.

மாமியாரும் பேனாவை வாங்கி இரண்டு வரி தமிழில் எழுதினார். அன்றைக்கு என்ன என்று நான் கவனிக்கவில்லை. மனைவி இப்போது போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டினாள்: "தோசை நன்றாக வருகிறது. பெரிய தொட்டியில் குளித்தது யார் என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளை ஆயிற்றே என்று சொல்லவில்லை."